குறுக்கே நடப்பவர்களையும் எண்ணுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நெடுஞ்சாலைத் திட்டங்களின் ஆரம்பகட்ட ஆய்வுக் குழுக்களில் 31 ஆண்டுகள் சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு குறை இன்றும் மனதை உறுத்துகிறது.

திட்டமிடும்போது முதலில் செய்வது வாகனக் கணக்கெடுப்பு. ஏழு நாள், 24 மணி நேரமும், ஷிப்ட் மாற்றி ரோட்டோரம் உட்கார்ந்து படிவத்தில் கோடு போடுவோம். நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்கே. பிறகு எல்லா வண்டியையும் கார் கணக்குக்கு மாற்றுவார்கள்: லாரி மூன்று கார், சைக்கிள் அரைக் கார். அதை வைத்துத்தான் நான்கு வழியா, ஆறு வழியா என்று முடிவாகும்.

நடந்து கடப்பவருக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. ஒருமுறை விடியற்காலை ஷிப்டில், தலையில் புல்லுக்கட்டோடு ஒரு அம்மா எனக்கு எதிரே வெகுநேரம் நின்று, இரண்டு லாரிக்கு நடுவே இடைவெளி பார்த்துக் கடந்தார். அந்த வாரம் முழுக்க அதே நேரம், அதே இடம். படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் அவருக்கும் கோடு போட்டு வந்தேன். அறிக்கையில் அந்த ஓரம் ஏறவில்லை. நில அளவையிலும் இப்படித்தான். மரம், கிணறு, மின்கம்பம் எல்லாம் வரைபடத்துக்கு வந்துவிடும். ஊரே நடந்து நடந்து தேய்த்த ஒற்றையடிப் பாதை விட்டுப்போகும்.

பாதசாரிக் கணக்கெடுப்பு என்று தனியாக ஒன்று உண்டு. நான் பார்த்தவரை சந்திப்புகளில் சில மணி நேரம் எடுத்ததோடு சரி.

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2021-ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் சுமார் 11.9 லட்சம் பேர். அதில் பாதிக்கு மேல் நடப்பவர்கள், சைக்கிளில், பைக்கில் போகிறவர்கள். மோதும் காரின் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 65 ஆனால், அடிபட்ட பாதசாரி உயிரிழக்கும் ஆபத்து நாலரை மடங்காகிறது என்றும் அதே அமைப்பு சொல்கிறது. ரோட்டை அகலப்படுத்தும்போது கூடுவது வேகம்தானே?

அலைன்மென்ட், அதாவது சாலை போகும் தடம், காகிதத்தில் இருக்கும்போதே சாலை மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி, அடியில் ஆள் நிமிர்ந்து போகிற சுரங்கப்பாதை வைக்கலாம். சாலை போட்ட பிறகென்றால் கரையை வெட்டி, போக்குவரத்தைத் திருப்பிவிட்டு, பல மடங்கு செலவில் செய்ய வேண்டும். அதுவரை ஜனங்கள் சென்டர் மீடியன் ஏறிக் குதிப்பார்கள். அரை கிலோமீட்டர் தள்ளிச் சுரங்கப்பாதை வைத்தாலும் சுமையோடு வருகிறவர் சுற்றிப்போக மாட்டார்.

கணக்கெடுப்புப் படிவத்தில் குறுக்கே நடப்பவர்களுக்கு ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போகும் வாசகர்கள் வரைபடத்தை மேஜையில் விரிக்கச் சொல்லி, தினமும் கடக்கும் இடத்தை விரல் வைத்துக் காட்டி, அதைக் கூட்டக் குறிப்பில் எழுத வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாலை சர்வேயர்