மலையகப் பிள்ளைகளுக்கு வில் அனுப்ப முன்வருவோருக்கு ஒரு திறந்த மடல்

கனடாவிலும் ஐரோப்பாவிலும் வளைகுடாவிலும் வாழும் உறவுகளுக்கும், பாவித்த வில்களை எங்கள் பாடசாலைகளுக்குக் கொடுக்க நினைக்கும் வில்வித்தைக் கழகங்களுக்கும் வணக்கம்.

இலங்கை மலையகத்தின் ஹற்றன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகளை நினைத்து நீங்கள் எடுக்கும் முயற்சிக்கு முதலில் நன்றி. கூடவே ஒரு வேண்டுகோளும் உண்டு: நீளமான பெட்டி அனுப்பாதீர்கள். அனுப்பும் செலவைக் கூட்டுவதும் வில்லை வழியில் உடைப்பதும் பெரும்பாலும் அந்த நீளம்தான்.

கூரியர்காரர் தராசை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுத்து, அதையும் உண்மை எடையையும் ஒப்பிட்டு, எது கூடவோ அதற்குக் காசு வாங்குவார்கள். ஒரே துண்டாகச் செய்த 68 அங்குல மரவில்லுக்கு 180×15×15 பெட்டி வேண்டும். வில் ஒரு கிலோகூட வராது, கட்டணமோ 8.1 கிலோவுக்கு. பல நாட்டுத் தபால் சேவைகள் ஒன்றரை மீற்றருக்கு மேற்பட்ட பார்சலை எடுப்பதுமில்லை.

அதே 68 அங்குல வில் கழற்றிப் பூட்டும் ரிகர்வ் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்) ஆக இருந்தால், அதன் நடுவிலுள்ள பிடிப் பாகமான ரைசர் 25 அங்குலம், அதாவது 63.5 சென்ரிமீற்றர். இங்கே பலர் மறப்பது அம்பை. 30 அங்குல அம்பு 76 சென்ரிமீற்றர் வரும், பெட்டியின் நீளத்தைத் தீர்மானிப்பது அதுதான். ஆகவே 80×40×30 பெட்டி ஒன்றை எடுத்து ஐந்து செட்டை ஒன்றாக அடுக்குங்கள். கணக்கு 19.2 கிலோ வரும், ஒரு செட்டுக்கு நான்கு கிலோவுக்கும் குறைவு. மூன்று அளவையும் கூட்டினால் 150 சென்ரிமீற்றர். பல விமான நிறுவனங்கள் சாதாரண பொதிக்கு வைக்கும் எல்லை 158 சென்ரிமீற்றர், 23 கிலோ. ஊருக்கு வரும் ஒருவர் தன் பொதியோடு கொண்டுவந்தால் அதைவிட மலிவான வழி கிடையாது. விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கைப்பொதியில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

எந்த வில் என்பதும் முக்கியம். புதிதாகப் பழகும் பிள்ளைக்கு 16 முதல் 24 இறாத்தல் இழுவிசை போதும். 40 இறாத்தல் லிம்ப் (ரைசரின் இரு முனையிலும் பூட்டும் வளையும் பாகம்) எவ்வளவு விலை உயர்ந்ததாயினும் இங்கே அலுமாரியில்தான் கிடக்கும். ஐ.எல்.எஃப். பொருத்து (பல நிறுவனங்களின் லிம்பும் பொருந்தும் பொதுவான பூட்டு முறை) உள்ள ரைசர் என்றால் பிள்ளை வளர வளர லிம்பை மட்டும் மாற்றலாம். முனைகளில் சில்லும் கேபிளும் உள்ள கொம்பவுண்ட் வில் வேண்டாம். அதன் நாணையும் கேபிளையும் மாற்றப் பெரும்பாலும் வில்லை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் தேவை, அந்த வசதி இல்லாத பாடசாலையில் ஒரு நாண் அறுந்தால் வில்லே முடங்கிவிடும்.

இனி பெட்டி கட்டும் விதம். லிம்பை நொறுக்குவது பெரும்பாலும் வெளியிலிருந்து விழும் அடி அல்ல, அதே பெட்டிக்குள் உருளும் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட உலோக ரைசர்தான். ஆகவே ரைசர்கள் அடியில், அதற்கு மேல் தடித்த ஸ்பொஞ் அல்லது ரெஜிபோம் தட்டு, அதன் மேல் லிம்புகள். லிம்பைச் சோடி பிரிக்காமல் துணி உறையில் போடுங்கள். பிளாஸ்ரிக்கில் இறுக்கிச் சுற்றினால் ஈரம் உள்ளே அடைபடும். லிம்ப் நுனி மட்டையைக் குத்திக்கொண்டு வெளியே வரும், எனவே லிம்புகளின் இரண்டு முனையிலும் ஐந்து சென்ரிமீற்றர் ஸ்பொஞ் வையுங்கள். பிளஞ்சர் (அம்பின் பக்கத்தைத் தாங்கும் சுருள்வில் பொத்தான்), சைட் (குறிபார்க்கும் கருவி), போல்ட் எல்லாவற்றையும் கழற்றிச் சிறு பையில் இட்டு அந்தந்த ரைசரிலேயே கட்டுங்கள். நாணைச் சுருட்டுமுன் இரு வளையங்களையும் ஒரு நூலால் சேர்த்துக் கட்டுங்கள். முறுக்கு அவிழ்ந்தால் நாண் நீண்டு, பூட்டிய வில்லில் நாணுக்கும் பிடிக்கும் உள்ள இடைவெளி குறைந்துவிடும். அம்பு முனைகளைத் தனியாகக் கட்டுங்கள். வேட்டை முனை, மின்கலம் உள்ள நொக் (நாணில் மாட்டும் அம்பின் வால் துண்டு), பறவை இறகு ஒட்டிய அம்பு ஆகியவற்றை விட்டுவிடுங்கள். இறகுக்குப் பதில் பிளாஸ்ரிக் வேன் போதும். மரப்பெட்டி அடிக்காதீர்கள். பச்சைப் பலகைக்கு வெப்பச் சிகிச்சை முத்திரை இல்லாவிட்டால் தாவரத் தனிமைப்படுத்தல் பிரிவில் சிக்கும்.

சுங்கப் படிவத்தில் “பரிசு” என்று மட்டும் எழுதினால் பெட்டியைத் திறந்து பார்க்கத்தான் வைக்கும். “விளையாட்டு உபகரணம், வில்வித்தை, பாவித்தது” என்று எழுதி, ரைசர் 5, லிம்ப் 5 சோடி, அம்பு இத்தனை என ஒவ்வொன்றுக்கும் நியாயமான விலை போடுங்கள். சுங்கக் குறியீடு 9506.99. அந்தக் குறியீட்டுப் பட்டியலில் ஆயுதங்களுக்கான 93ஆம் அத்தியாயத்தின் குறிப்பே வில்லையும் அம்பையும் 95ஆம் அத்தியாயத்துக்கு ஒதுக்கிவிடுகிறது. அந்தக் குறிப்பின் பிரதியைப் பெட்டிக்கு மேல் ஒட்டுங்கள். பாடசாலை அதிபர் கடிதத்தை நாங்கள் அனுப்பித் தருவோம். அது கைக்கு வந்த பிறகே பெட்டியை மூடுங்கள்.

லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) முகவரிக்கு அனுப்பவே வேண்டாம். பல தோட்டங்களில் தபால் வீட்டு வாசலுக்கு வருவதில்லை, தோட்ட ஆபீஸில் போய்த் தங்கும். பாடசாலை பெயர், அருகிலுள்ள தபாலகம், ஒருவரின் கைபேசி இலக்கம் மூன்றும் வேண்டும். கடல்வழி அனுப்புவோர் பருவத்தையும் பாருங்கள். ஹற்றன், மஸ்கெலியாவில் மே முதல் செப்டெம்பர் வரை நல்ல மழை. பதுளைப் பக்கத்தில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை. வெயிலில் நிற்கும் கொள்கலனின் சூடு லிம்பின் பசையையும் இளக்கும், ஆகையால் மரமும் ஃபைபரும் ஒட்டிய லிம்புக்கு விமானவழியே நல்லது.

பெட்டி வந்ததும் அன்றே நாண் பூட்ட மாட்டோம். ஒரு நாள் அறையில் வைத்துவிட்டு, ஒரு பஞ்சுத் துண்டை லிம்பின் ஓரமாக மெல்ல இழுத்துப் பார்ப்போம். வெடிப்பு இருந்தால் பஞ்சின் இழை அங்கே சிக்கும். கார்பன் அம்பை மெதுவாக வளைத்துக் கேட்போம், ‘கிறீச்’ என்றால் அது குப்பைக்கு. சேதத்துக்கு இழப்பீடு கேட்க, பெட்டி மூடுமுன் எடுத்த படங்கள் வேண்டும். ஒவ்வொரு லிம்பின் இலக்கமும் இழுவிசையும் அதில் தெரியட்டும்.

கட்டுமுன் அந்தப் படங்களை எங்களுக்கு அனுப்புங்கள். எது உதவும், எதை அங்கேயே விற்றுப் பணமாக அனுப்புவது நல்லது என்று ஒவ்வொரு வில்லுக்கும் பதில் எழுதுகிறோம்.

அன்புடன்,
மலையகத்தில் வில்வித்தை கற்பிப்போர்