மறுசோறு கேட்கும் உரிமை

அன்புள்ள தம்பிக்கு,

ஆண்டவருடைய நாமத்தில் வாழ்த்துகள். இந்த ஆண்டு அசனத்துக்காக, சபையார் எல்லோரும் கூடி உண்ணும் விருந்துக்காக, சபைக் கமிட்டியில் நீ வைத்த யோசனையைக் கேள்விப்பட்டேன். நன்கொடையாளர்களுக்கு மண்டபத்தில் மேசை போட்டுத் தனிப்பந்தி. கீழத்தெருக்காரர்களுக்கும் செங்கல் சூளை வேலைக்காரர்களுக்கும் டோக்கன் கொடுத்துப் பொட்டலம். நெரிசல் குறையும், சோறும் வீணாகாது என்கிறாயாம். உன் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் இது கூடவே கூடாது.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் அசனச் சோற்றை யாரும் யாருக்கும் தானமாகக் கொடுப்பதில்லை. வசதியுள்ளவர் ஆடு கொடுப்பார். இல்லாதவர் ஒரு படி அரிசியோ, கொல்லையில் காய்த்த முருங்கைக்காயோ கொண்டுவருவார். அதற்கும் வழியில்லாதவர் முந்தின இரவே வந்து வெங்காயம் உரிப்பார். எல்லாம் ஒன்றாகத்தானே வேகிறது? வெந்த பிறகு எது யார் வீட்டு அரிசி?

போன ஆண்டு குழம்பு வாளி என் கையில். செங்கல் அறுக்கிற ஓர் அம்மாளும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் ஒரே பாயில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். முதலில் அந்த அம்மாள் தலை நிமிரவே இல்லை. நான் இரண்டாம் முறை வந்தபோது சோற்றைக் குழித்து வைத்துக்கொண்டு, "கறி அடியில் கிடக்கும், நன்றாகக் கலக்கி ஊற்றுங்கள்" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பந்தியில் உட்கார்ந்தவருக்கு மறுசோறு கேட்க உரிமை உண்டு தம்பி. பொட்டலம் வாங்கியவர் யாரிடம் கேட்பார்? கும்பிட்டுவிட்டு நடக்க வேண்டியதுதான்.

ஆதிக் கிறிஸ்தவர்களின் கொரிந்து சபையிலும் இதுதான் நடந்தது. அக்கால ரோமானியச் செல்வர் வீட்டு விருந்தறையில் ஏறக்குறைய ஒன்பது பேர் சாய்ந்து உண்ணலாம், மற்றவர்களுக்கு முற்றம்தான். ஒருவன் பசியோடு கிடக்க, இன்னொருவன் குடித்து வெறித்திருந்தான். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று அப்போஸ்தலர் பவுல் தம் நிருபத்தில் சீறினார். திருவிருந்து ஆராதனையில் நாம் பயபக்தியோடு கேட்கிற, ஆண்டவர் அப்பத்தை எடுத்துப் பிட்ட வசனங்கள் அந்தக் கண்டனத்தின் நடுவில்தான் வருகின்றன. 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரம் முழுவதையும் ஒருமுறை வாசித்துப் பார். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று முடிக்கிறார்.

நம் சபைகளின் கதையும் உனக்குத் தெரியாததல்ல. ஒரே ஆலயத்துக்குள் சாதிவாரியாக இடம் பிரித்து உட்கார்ந்தவர்கள் நாம். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதியை விட்டுவிடச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியும் அது ஒழியவில்லை. 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை உண்ண மறுப்பவரைச் சாதியை விட்டவராக ஏற்க முடியாது என்று அறிவித்தது. ஞானஸ்நானம் பெற்றவர்கள்கூட இலைக்கு முன்னால்தான் பிடிபட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் சூளைக்காரருக்குப் பொட்டலமும் நமக்கு மேசையும் என்றால், அவர்கள் அதை எப்படிப் புரிந்துகொள்வார்கள்?

நெரிசல்தான் கவலை என்றால் பந்திகளைக் கூட்டு. பரிமாற வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளைப் பிடித்து வருவது என் பொறுப்பு. படுக்கையில் கிடக்கிறவர்களுக்குத் தூக்குவாளியில் கொடுத்தனுப்புவோம். அது எப்போதும் உள்ளதுதான். சூளையில் வேலை முடிய மாலையாகிவிடும். கடைசிப் பந்தியை அவர்கள் வந்து கைகால் கழுவிய பிறகு போடுவோம். நீயும் நானும் அதுவரை சாப்பிடாமல் இருந்து அந்தப் பந்தியில் உட்காருவோம். நன்கொடையாளர்களிடமும் சொல்லிவை, விருப்பமுள்ளவர்கள் வரட்டும். கறியில் பாதியை அதற்கென்று இப்போதே ஒதுக்கச் சொல்லிவிடு.

அன்புடன்,
அண்ணன்