மௌஸைத் தொட்டால் எடை நிற்கிறது

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு இரவு.

மாப்ளே,

தீபாவளிக்கு நீ போன் பண்ணியும் நான் எடுக்கவில்லை, திரும்பக் கூப்பிடவும் இல்லை. தப்புதான். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. பெரியவள் பத்தாவது போய்விட்டாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதை உன்னிடம் சொன்னால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

மாமாவின் எடைமேடைக் கம்ப்யூட்டர் ஞாபகம் இருக்கிறதா? அதே விண்டோஸ் 98தான் இன்னும் ஓடுகிறது. ஐப்பசி இடியில், எடை காட்டும் இண்டிகேட்டர் பெட்டியின் வயரை மாட்டும் அதன் காம் 2 சீரியல் போர்ட் கருகிப்போனது. ரிப்பேருக்கு வந்த பையன் பழைய ஐசா ரக சீரியல் போர்ட் கார்டு ஒன்றைச் செருகி, இண்டிகேட்டர் வயரை அதில் மாட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து எடை அவ்வப்போது உறைந்து நிற்க ஆரம்பித்தது.

போன வாரம் நம் டிராயிங் மாஸ்டர் தேங்காய் கொண்டுவந்தார். வண்டி மேடையில் ஏற ஏற எண்ணும் ஏறும், நீ பார்த்திருக்கிறாய். இண்டிகேட்டரில் சிவப்பு எழுத்தில் 9,460. ஸ்கிரீனோ பாதி ஏற்றத்தில் 9,220லேயே நின்றுவிட்டது. சீட்டில் அச்சானதும் அதுதான். 240 கிலோ குறைவு! மாஸ்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளே மாமா பாக்கிப் பணத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார் என்றாலும், அந்த மடிப்பு அவர் மனசை விட்டுப் போகவில்லை. அன்றிரவு மாமா சாப்பிடவே இல்லை.

கேபிளை மாற்றினேன், இண்டிகேட்டரைச் சோதித்தேன், எல்லாம் சரியாகவே இருந்தது. நேற்று வெறும் மேடையில் நானே ஏறி நின்று, மாமா பையனை ஸ்கிரீன் முன்னால் உட்கார வைத்தேன். அவன் சும்மா இருந்தால் எடை ஒழுங்காக வருகிறது. மௌஸைத் தொட்டதும் நிற்கிறது. அப்போதுதான் கோயமுத்தூர் ரூமில் நீ சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்த வரி ஞாபகம் வந்தது: 'போர்ட் நாலு, லைன் ரெண்டு.'

டிவைஸ் மேனேஜரில் ஐ.ஆர்.கியூ. பட்டியலைத் திறந்தேன், எந்தக் கருவி எந்த லைனில் பிராசஸரைக் கூப்பிடுகிறது என்று அதில் தெரியும். 4க்கு நேராக இரண்டு பேர்! மௌஸ் காம் 1, கார்டு காம் 3. முகவரி வேறுதான், ஒன்றுக்கு 3எஃப்8, மற்றதற்கு 3ஈ8. ஆனால் பிராசஸரைக் கூப்பிடும் மணிக்கயிறு இரண்டுக்கும் ஒன்றே. காம் 2க்கும் காம் 4க்கும் அதே மாதிரி 3. பின்னால் வந்த பிசிஐ ரகக் கார்டுகள் ஒரே லைனைப் பகிர்ந்துகொள்ளும். ஐசாவில் அந்தப் பேச்சே கிடையாது. 1981இல் ஐபிஎம் முதல் பிசியைக் கொண்டுவந்தபோது மொத்தமே எட்டு லைன்கள். 1984இல் ஏடி மாடலில், லைன்களைக் கவனிக்கும் 8259 சிப்பை இரண்டாவதாக ஒன்று வைத்து லைன்களைக் கூட்டினார்கள். ஆனாலும் காம் போர்ட்டுகளின் ஏற்பாட்டை யாரும் மாற்றவில்லை. அந்தக் கணக்கு இத்தனை வருஷம் கழித்து நம் ஊர்த் தேங்காய் வண்டியில் வந்து இடிக்கிறது பார்.

கருகிப்போன காம் 2 செத்த பிறகும் 3ஆம் லைனைப் பிடித்துவைத்திருந்தது. கம்ப்யூட்டர் கிளம்பும்போதே டெலீட் கீயைத் தட்டி, அடிப்படை செட்டிங் இருக்கும் பயாஸில் போய் அதை டிசேபிள் செய்தேன். அப்புறம் கார்டைக் கழற்றி, முகவரி ஜம்பரை காம் 2வின் 2எஃப்8க்கும் லைன் ஜம்பரை 3க்கும் மாற்றினேன். இரண்டு பின்னை இணைக்கும் மூடி, நெல்மணி அளவுதான் அந்த ஜம்பர். மாமா டார்ச் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றார். சாஃப்ட்வேரிலும் காம் 2 என்று மாற்றிவிட்டு, மௌஸை மேஜை முழுக்க இழுத்தேன். எடை நிற்கவே இல்லை. இன்று பதினேழு வண்டி, ஒவ்வொன்றுக்கும் சிவப்பு எண்ணையும் ஸ்கிரீனையும் ஒத்துப்பார்த்துவிட்டோம்.

ஒரு பயம் மிச்சமிருக்கிறது. பயாஸ் பேட்டரி தீர்ந்தால் செட்டிங் பழையபடி மாறி, காம் 2 மறுபடி உயிர் பெற்று அதே லைனைப் பிடித்துக்கொள்ளும். புது 2032 பேட்டரி போட்டு, கேபினட் உள்ளே பேப்பரில் எல்லாவற்றையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆனால் அந்தக் கார்டே போய்விட்டால் மாற்று இல்லை. உன் வீட்டுப் பரணில் பச்சை டிரங்குப் பெட்டியில் ரெண்டு சீரியல் கார்டு இருக்கும், அத்தையிடம் சொல்லி இறக்கி வை. பொங்கலுக்கு வரும்போது ஜம்பரைக் கழற்றாமல் அப்படியே கொண்டு வா.

உன்,
பங்காளி