இலைக்குச் சாயம் பூசுகிறோமா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

போன வாரத்திலிருந்து நம் பக்கத்து அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுக்களில் ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றுகிறது. உங்களில் பலர் அதை எனக்கே அனுப்பி, "அண்ணே, இது நம்ம நர்சரியா?" என்று கேட்டீர்கள். ஆமாம், நம்மைப் பற்றித்தான். வீட்டுக்குள் வளர்க்கிற கலாத்தியா என்ற அழகுச்செடியின் இலையில் ரோஸ் கலரில் கோடு போட்டு விற்கிறோமாம், இரண்டு மாதத்தில் சாயம் வெளுத்துவிடுகிறதாம்.

விலை அதிகம் என்று சொல்லியிருந்தால்கூட மனசு இவ்வளவு கஷ்டப்பட்டிருக்காது. ஆர்னாட்டா வகைக் கலாத்தியாவில் இளம் இலைக்குத்தான் ரோஸ் கோடு. இலை முற்ற முற்ற அது வெள்ளையாகிவிடும், அது அந்தச் செடியின் சுபாவம். கடைக்கு வாருங்கள், சுருள் பிரிகிற புது இலையைப் பாருங்கள், ஈரத்துணியால் தேய்த்தும் பாருங்கள். துணியில் ஒரு பொட்டு நிறம்கூட ஒட்டாது. சில வகைகளில் இலையின் அடிப்பக்கம் கத்தரிக்காய் நிறத்தில் இருப்பதும் பிறவி நிறம்தான். ஒரு இலைக்குக்கூட நாங்கள் சாயம் தொட்டதில்லை.

நுனி கருகுவது வேறு விஷயம். சனிக்கிழமை ஒரு அக்கா தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு இலை நுனியும் ஊதுபத்தியால் சுட்டதுபோல் பழுப்பு. தொட்டி விளிம்பைச் சுரண்டினால் நகத்தில் வெள்ளைப் பொருக்கு. என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். "ஆர்ஓ மெஷின்ல வெளிய போற தண்ணிதான். வீணாக்கக் கூடாதுல்ல?" நல்ல எண்ணம்தான். ஆனால் குடிதண்ணீரைச் சுத்தம் செய்யும்போது மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் சேர்கிறது. வேர் தண்ணீரோடு உப்பையும் இழுக்கிறது. தண்ணீர் இலை வழியே ஆவியாகிப் போகிறது, உப்பு நுனியில் தங்கிவிடுகிறது. பிரேசில் பக்கத்துக் காடுகளில் பெரிய மரங்களின் நிழலில் மழைநீர் குடித்து வளர்ந்த சாதி இது, உப்பு தாங்காது.

மழைநீர் பிடித்து வைத்தால் ரொம்ப நல்லது. இல்லாவிட்டால் நீங்கள் குடிக்கிற ஆர்ஓ தண்ணீரோ ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரோ ஊற்றுங்கள். உப்பு ஏறிய தொட்டியில் நல்ல தண்ணீரை மூன்று நான்கு தடவை அடியில் வடிய வடிய ஊற்றிக் கழுவுங்கள், தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். அப்புறம் மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்தபின்தான் அடுத்த தண்ணீர். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது, கத்தரித்துவிடலாம். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, ஏசி அறையில்தான் பஞ்சம். அதனால் ஏசிக் காற்று நேரே படாத இடமாகப் பார்த்து, திரை போட்ட கிழக்கு ஜன்னலோரம் வையுங்கள். வாரம் ஒருமுறை இலையின் அடியைத் துடைத்துவந்தால் இலைச்சாறு உறிஞ்சும் செம்பேன் சேராது.

நம் பக்கமும் ஒரு பிசகு உண்டு. தொட்டி மண்ணில் நாங்கள் கலக்கும் தேங்காய் நார்க்கழிவிலும் உப்பு இருக்கும், நன்றாக அலசித்தான் நடவேண்டும். பத்து வருடம் அந்த வேலையைப் பார்த்த அண்ணன் சித்திரையில் ஊரோடு போய்விட்டார். அதற்கப்புறம் நட்ட சில தொட்டிகளில் அலசல் போதவில்லை. அப்போது வாங்கியவர்கள் கொண்டுவந்தால் மண்ணை மாற்றித் தருகிறோம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நர்சரி இடுப்பளவு தண்ணீரில் நின்றது. வடிந்த மறுவாரமே சேற்றில் நடந்துவந்து, மிஞ்சிய மணிபிளான்ட்டை முழு விலை கொடுத்து வாங்கிப்போனவர்கள் நீங்கள். அதை நானும் என் வீட்டாரும் ஒருநாளும் மறக்கமாட்டோம்.

வாய்ஸ் மெசேஜ் போட்ட அம்மாவைத் தெரிந்தவர்கள் அவரையும் கூட்டி வாருங்கள். குருத்து விட்டிருக்கும் ஆர்னாட்டா ஒன்றை அவருக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நர்சரிக்காரர்
வேளச்சேரி