நகைக்கடன் நோட்டில் எழுதாத காரணம்

காங்கேயம்,
16.11.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிவிட்டது. தம்பிக்குப் புரட்டாசிக் கடைசி வாரத்தில் நெஞ்சு வலி வந்து, கோயமுத்தூரில் இரண்டு ஸ்டென்ட் வைத்து, இப்போது வீட்டில் இருக்கிறான். அந்த அலைச்சலில்தான் பதில் போடவில்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ எழுதியிருந்த ஒரு வரிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அது போனில் ஆகிற காரியம் இல்லை.

முதலில் தங்கச்சி கால் எப்படி? மூட்டு மாற்றிய பிறகு மாடிப்படி ஏறுகிறாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "ஏறுனா மட்டும் பத்தாது, கீழ சம்மணம் போட்டு உக்காந்துறாதீங்கன்னு எழுதுங்க" என்கிறாள் உன் அக்கா. எழுதிவிட்டேன்.

தம்பி விஷயத்தைச் சொல்கிறேன். விடிகாலை மூன்றரை இருக்கும். "மாமா, இவருக்கு வேர்த்துக் கொட்டுதுங்க, நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்திருக்காருங்க, சித்தே வாங்க" என்று தம்பி சம்சாரம் போன் பண்ணினாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் காரை எடுத்தார். டவுனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, அட்டாக்தான், கோயமுத்தூர் போய்விடுங்கள் என்றார்கள். எழுபது கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் அவன் கையைப் பிடித்துக்கொண்டே போனேன். சில்லென்று இருந்தது.

ஒன்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாண்டித்தான் கார் போயிற்று. மாரடைப்பு என்று வருகிறவர்களுக்கு முதலிலேயே கொடுத்து அனுப்ப ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளை அங்கெல்லாம் இருப்பு வைக்கும்படி 2023லேயே இதயம் காப்போம் திட்டம் என்று கொண்டுவந்திருக்கிறார்கள். காசில்லாமல் கிடைக்கிற மாத்திரை. எங்கள் யாருக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தால் ஐந்து நிமிஷம் நிறுத்திக் கதவைத் தட்டியாவது பார்த்திருப்போம். இதை நினைத்து இரண்டு ராத்திரி நான் தூங்கவில்லை. உங்கள் பக்கத்திலும் தெரிந்தவர்களிடம் சொல்லி வை.

கோயமுத்தூரில் டாக்டர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வந்த வேகத்தில் உள்ளே எடுத்துக்கொண்டு போய் அடைப்பை நீக்கினார்கள். அவன் உயிரோடு இருப்பது அவர்களால்தான். ஆனால் அதே நேரத்தில் கீழே கவுன்டரில் நான் ஐம்பதாயிரம் முன்பணத்துக்கு ஆளாளுக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தேன். ஐந்து நாள் கழித்து பில் 3,18,000 ரூபாய்.

அந்த பில்லை நான் வரி வரியாகப் படித்தேன், பழைய பழக்கம். ஸ்டென்ட் இரண்டுக்கும் சேர்த்து எழுபத்தைந்தாயிரத்துக்குள்தான். மருந்து தடவிய ஸ்டென்டை லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் விலை ஆணையம் 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. பிறகு ஏற்றியிருக்கிறார்கள், ஆனாலும் வரம்பு இருக்கிறது. மிச்சம் இரண்டரை லட்சத்துக்குப் பக்கம் எதில் போனது என்று பார்த்தால் அறை வாடகை, நர்சிங், அடைப்பை நீக்குகிற கேத் லேப், கையுறை, ஊசி, 'இதர பொருட்கள்'. இவற்றுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை.

நீ கேட்பாய், முதல்வர் காப்பீட்டு அட்டை இல்லையா என்று. இல்லை. அதற்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் பத்தாயிரம். தம்பி பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறான். அவன் சம்பாத்தியத்தைச் சேர்த்தாலே மாதம் பன்னிரண்டாயிரம் வந்துவிடுகிறது. பீஸ் ரேட்டுக்காரன் என்று கம்பெனியில் இஎஸ்ஐயும் பிடிப்பதில்லை. அட்டைக்கு அவன் பணக்காரன், இஎஸ்ஐக்கு அவன் தொழிலாளியே இல்லை. இப்படி இரண்டுக்கும் நடுவில் நிற்கிற குடும்பம் எங்கள் ஊரில் வீதிக்கு நாலு இருக்கும்.

பணம் எப்படிச் சேர்ந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். தேங்காய் போட்ட காசு அறுபதாயிரம் வீட்டில் இருந்தது. நான் எண்பதாயிரம் கொடுத்தேன். பார்க்க வந்த ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், ஆளுக்கு இருநூறு, ஐநூறு, ஆயிரம் என்று தம்பி சம்சாரம் கையில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், இன்னொரு கையில் மடித்த நோட்டு. அவள் ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டில் யார் எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறாள். கூட்டினால் 38,400. அவர்கள் வீட்டில் யாராவது படுத்தால் இவள் திருப்பிச் செய்ய வேண்டும். அதுவும் கடன்தான், ஆனால் மனசுக்குப் பாரமில்லாத கடன். மிச்சம் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு அவள் மூன்று பவுன் சங்கிலி.

இப்போது உன் வரிக்கு வருகிறேன். "அவனவன் நோய்க்கு அவனவன் பாலிசி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான், அடுத்தவன் ஆஸ்பத்திரிச் செலவுக்கு என் வரிப்பணம் எதற்கு?" என்று எழுதியிருந்தாய். முப்பது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவன் நீ. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். தங்கச்சி மூட்டுக்கு நீ கட்டியது பிரீமியம். பில்லைக் கட்டியது யார்? அந்த வருஷம் நோய் நொடி வராத மற்ற பாலிசிக்காரர்கள். அவர்கள் பணத்தில்தான் அவள் படியேறுகிறாள். அதில் தப்பே இல்லை, நல்ல ஏற்பாடு. ஆனால் அது ஊர்ப்பணம்தான் மாப்பிள்ளை. அந்த ஊருக்குள் யாரை விடுவது, யாரை வாசலில் நிறுத்துவது என்பதில்தான் நீயும் நானும் வேறுபடுகிறோம்.

இந்த செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியை எடுத்துவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் ஐம்பத்தாறு வயதில், பிரஷர் இருக்கிறவனுக்கு, மாசச் சம்பளம் இல்லாத காட்டுக்காரனுக்கு, பிரீமியம் எவ்வளவு சொல்வார்கள் என்று நீயே போட்டுப் பார். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். அதோடு பாலிசி பெரும்பாலும் படுத்தால்தான் பேசும். மாதாமாதம் மருந்துக் கடையிலும் லேபிலும் போகிற காசுக்கு அது வாய் திறக்காது. எங்கள் பக்கம் குடும்பங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பது அந்தக் காசு.

நான் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக உட்கார்ந்திருந்த முப்பத்தோரு வருஷத்தைப் பற்றி உனக்கு அதிகம் சொன்னதில்லை. நகைக்கடன் விண்ணப்பத்தில் 'கடன் எதற்காக' என்று ஒரு இடம் இருக்கும். அதில் நிலக்கடலை, சோளம், தென்னை பராமரிப்பு என்று எழுதுவோம். பயிருக்கென்றால்தான் குறைந்த வட்டி. ஆனால் நகையைக் கழற்றும்போதே முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். விதைக்காகக் கழற்றுகிற பெண் நகை மதிப்பிடுகிற அப்ரைசரிடம் பேரம் பேசுவாள், கிராமுக்கு இன்னும் கொஞ்சம் போடுங்க என்பாள். ஆஸ்பத்திரிக்காகக் கழற்றுகிறவள் எதுவும் பேச மாட்டாள். கையெழுத்துப் போடுகிற இடத்தில் போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடுவாள். அவள் போன பிறகு நான் நிலக்கடலை என்று எழுதுவேன்.

அந்த நகைகளில் பாதிதான் மீண்டது என்று எனக்கு ஒரு நினைப்பு. சிலர் வருஷா வருஷம் வட்டியைக் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே இருப்பார்கள். சிலது ஏலத்துக்குப் போகும். 2021இல் ஐந்து பவுனுக்கு உட்பட்ட கூட்டுறவு நகைக்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்தது நினைவிருக்கிறதா? சலுகை என்று பேப்பரில் வந்தது. எனக்குத் தெரிந்து அதில் கணிசம் ஆஸ்பத்திரி பில். நீ கட்டமாட்டேன் என்கிற அதே வரிப்பணம்தான் அதைக் கட்டியது. ஆனால் எப்போது? நோயாளி செத்தோ பிழைத்தோ பல வருஷம் ஆன பிறகு, வட்டியோடு சேர்த்து. யார் கட்டுவது என்று நாம் பேசுகிறோமே, எல்லோரும் சேர்ந்து ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். முன்கூட்டிக் கட்டாததால் அதிகம் கட்டுகிறோம்.

அந்த நகைக்கடன் நோட்டில் வராதவர்களும் உண்டு. எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர், சம்சாரத்துக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று சங்கத்துக்கு வந்தார். வைக்க ஒரு குண்டுமணித் தங்கம் இல்லை. நான் என் பையிலிருந்து ஏதோ கொடுத்து அனுப்பினேன். ஒறம்பரை கொடுக்கிற ஐநூறும் அவருக்கு வராது, ஏனென்றால் அவரால் திருப்பிச் செய்ய முடியாது. நம்முடைய கைச்செலவுப் பழக்கம் நல்ல பழக்கம்தான், ஆனால் இருக்கிறவனுக்குள்தான் அது சுற்றுகிறது. இந்த ஜூலையில் பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிக்காரர்கள் கடனுக்காகக் கிட்னியை விற்றார்கள் என்று செய்தி வந்ததே, படித்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது. அடகு வைக்க எதுவும் இல்லாதவனிடம் கடைசியில் உடம்புதான் இருக்கிறது.

பரம்பிக்குளத்துத் தண்ணீர் எங்கள் காட்டுக்கு எப்படி வருகிறது? ஆளுக்கொரு வாய்க்கால் வெட்டியா வந்தது? பிஏபி என்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு திட்ட வாய்க்காலை அரசாங்கம் வெட்டியது, நாம் கீழே மடை கட்டிக்கொண்டோம். வெள்ளகோயில் கடைமடைக்குத் தண்ணீர் சேரவில்லை என்று போராட்டம் நடக்கிறதே தவிர, வாய்க்காலே வேண்டாம், அவனவன் போர் போட்டுக்கட்டும் என்று எந்தக் காட்டுக்காரனும் சொன்னதில்லை. போர் போட்டவர்களும் சொன்னதில்லை. மருத்துவத்துக்கு மட்டும் ஏன் ஆளுக்கொரு போர்?

நம்மூரிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. பெருந்துறை சானடோரியத்தில் என் அப்பச்சி டிபிக்குப் படுத்திருந்தார், ஒரு பைசா கேட்கவில்லை. பிற்பாடு அதே பெருந்துறையில் போக்குவரத்துத் தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்த பணத்தில் மருத்துவக் கல்லூரி எழுந்தது. இன்று அது அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி. டிரைவரும் கண்டக்டரும் சேர்ந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியை உண்டாக்க முடிந்திருக்கிறது. கண்ணுக்கு அரவிந்த்தைப் பார். 1976இல் மதுரையில் பதினோரு படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி ஆரம்பித்தது. காசு உள்ளவர் கட்டுகிறார், அந்த வருமானத்தில் இல்லாதவருக்கும் நடக்கிறது. எங்கள் அம்மாவை ஊர் முகாமிலிருந்து பஸ்ஸில் கோயமுத்தூருக்கு அழைத்துப் போய்ப் புரை எடுத்து அனுப்பினார்கள். எட்டு வருஷம் கழித்து நான் காசு கட்டி அங்கேயே எடுத்துக்கொண்டேன். நான் கட்டியதில் யாரோ ஒரு பாட்டிக்குக் கண் தெரிந்திருக்கும் என்பது எனக்கு இன்றைக்கும் சந்தோஷம். புரைக்கு இது முடிகிறது, நாள் குறித்துச் செய்யலாம். விடிகாலை மூன்றரைக்கு வருகிற மாரடைப்புக்கு ஒரு ஆஸ்பத்திரியின் நல்ல மனசு போதாது. அதை அரசாங்கம்தான் வரிப்பணத்தில் ஏற்க வேண்டும், வருமானச் சான்று கேட்காமல்.

நாட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், உனக்குக் கணக்குக் காட்டினால்தான் திருப்தி. 2013-14இல் மருத்துவத்துக்குச் செலவான நூறு ரூபாயில் 64 ரூபாய் நேரடியாக மக்கள் கைக்காசு. 2021-22இல் அது 39 ஆகக் குறைந்தது. குறைய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அரசுகள் எல்லாம் சேர்ந்து போட்டது அந்த ஆண்டு நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம்தான். 2025க்குள் 2.5 ஆக்குவோம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கையில் அவர்களே எழுதியிருந்தார்கள். 2025 முடியப்போகிறது.

தம்பி தேறிவிட்டான். காலையில் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மாட்டுக்குத் தீவனம் போட்டாச்சா என்று எல்லோரையும் அதட்டுகிறான். மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிற அம்மணி பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறாள். முன்னாலும் அவள் வாசலில் வந்து கூப்பிட்டிருக்கிறாள். இவன்தான் "எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்று அனுப்பிவிட்டிருக்கிறான். இப்போது அவள் வண்டிச் சத்தம் கேட்டாலே சட்டைக் கையை மடித்துவிடுகிறான்.

சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு வா. தங்கச்சியையும் கூட்டி வா, வீட்டில் கீழே உட்கார வேண்டியதில்லை, கட்டில் இருக்கிறது. ஈரோட்டில் இறங்கினால் நான் வந்துவிடுகிறேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. சங்கிலியை அடகு வைக்கத் தம்பி சம்சாரத்தோடு நான்தான் சங்கத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பையன் நான் வேலை பழக்கிவிட்டவன். எழுந்து நின்று, "எதுக்குங்கய்யா?" என்று கேட்டான். ஆஸ்பத்திரிக்கு என்றேன். அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு குனிந்து, நிலக்கடலை சாகுபடி என்று எழுதினான்.

அன்புடன்,
உன் பழைய கோபி ஹாஸ்டல் அறைக்காரன்