நிரந்தர முகவரி எழுத ஒரு வீடு வேண்டும்

கர்த்தருக்குள் பிரியமான சபையாருக்கும் நண்பர்களுக்கும் வீட்டுப் பணிக்குழுவின் ஸ்தோத்திரம்.

குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து, நம் ஓய்வுநாள் பள்ளியிலும் பாடகர் குழுவிலும் பத்து ஆண்டுகள் இருந்த ஒரு பெண், போன ஆண்டு 18 வயது நிறைந்து இல்லத்தை விட்டு வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வேலை விண்ணப்பத்தோடு சபைச் செயலரிடம் வந்து நின்றாள். எல்லாம் நிரப்பியிருந்தது. 'நிரந்தர முகவரி' மட்டும் காலி. "ஆலயத்து முகவரியை எழுதிக்கொள்ளட்டுமா, ஐயா?" என்று கேட்டாள். எங்கள் குழு அன்று மாலையே கூடியது. இல்லத்தை விட்டு வரும் இப்படிப்பட்ட பிள்ளைகள் தங்க வீடு அமைப்பது என்று முடிவு செய்தோம்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இப்படிப்பட்ட பிள்ளைகளை மறந்துவிடவில்லை. இல்லத்திலிருந்து வெளியேறுகிறவர்களுக்கு 21 வயது வரையும், தவிர்க்க முடியாத நிலையில் 23 வரையும் பின்பராமரிப்பு கொடுக்க விதிகளில் இடம் உண்டு. குழந்தைகள் நலனுக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவிக்கும் வழி இருக்கிறது. அதைப் பெற மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் மூலம் விண்ணப்பிக்கப் பிள்ளைகளுக்குத் துணைநிற்போம். ஆனால் காய்ச்சலில் கிடக்கும்போது கஞ்சி வைத்துக் கொடுக்க அரசாணையால் முடியாது.

முதல் வீடு பெண்பிள்ளைகளுக்கு. இதைப் பற்றிக் குழுவில் நெடுநேரம் பேசினோம். ஆண்பிள்ளை நண்பனின் அறையில் ஒரு மாதம் ஒட்டிக்கொள்வான். தாய் தகப்பன் இல்லாத 18 வயதுப் பெண்ணுக்குத் தனியாக அறை வாடகைக்குக் கொடுக்க நம் ஊர்களில் எத்தனை பேர் முன்வருவார்கள்?

தக்கலைக்கு அருகே, சபை அங்கத்தினர் ஒருவர் தம் பூர்வீக ஓட்டு வீட்டை ஐந்து ஆண்டுகளுக்கு வாடகையில்லாமல் தந்திருக்கிறார். மூன்று அறைகள், வற்றாத கிணறு, பஸ் நிறுத்தம் நடக்கும் தூரம். ஆனால் இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. பூட்டிக் கிடந்த வீட்டின் கூரையைத் தாங்கும் கழுக்கோலும் பட்டியல் மரங்களும் உளுத்துப்போய்விட்டன. கூரை, இரண்டு குளியலறை, சுற்றுச்சுவர் ஆகியவற்றுக்கு 4,80,000 ரூபாய் ஆகும் என்று மேஸ்திரி கணக்குக் கொடுத்திருக்கிறார். ஆறு பிள்ளைகளும் ஒரு காப்பாளரும் தங்கினால் சாப்பாடு, மின்சாரம், சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 42,000 ரூபாய் வேண்டும். இடவப்பாதி மழைக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு, முன் ஓடு வேய்ந்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் அவசரம்.

பணத்தைவிடக் கூச்சத்தோடு கேட்பது ஒன்று உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துணைக் குடும்பம் தேவை. ஞாயிறு மதியம் மீன்குழம்பும் மரச்சீனியும் உங்கள் மேசையில் அவளுக்கும் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் 'கூட யார் வந்திருக்கிறது?' என்று கேட்டால் நீங்கள் எழுந்து நிற்க வேண்டும். நேர்முகத் தேர்வுக்குத் திருவனந்தபுரம் போகும் விடியற்காலையில் பஸ் ஏற்றிவிட வேண்டும். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் அவள் உங்களிடம் வந்து கேட்கலாம் என்ற தைரியம் அவளுக்கு வர வேண்டும். நாளை பெண் பார்க்க வருகிறவர்களை வாசலில் வரவேற்கவும் ஆள் வேண்டுமே! இரண்டு ஆண்டுகளாவது உறுதியாக நிற்கக்கூடியவர்கள் மட்டும் பெயர் கொடுங்கள். பாதியில் விடுவது இந்தப் பிள்ளைகளுக்குப் பழைய காயம். போலீஸ் சரிபார்ப்பு எல்லாருக்கும் உண்டு, குழு உறுப்பினர்களுக்கும்தான். தயவுசெய்து மனவருத்தப்பட வேண்டாம்.

எந்த மதத்தில் பிறந்த பிள்ளையும் இங்கே தங்கலாம். மாலை ஜெபம் நடக்கும். உட்காருவது அவரவர் விருப்பம். இயேசுவின் அன்பு எங்களைச் செய்யச் சொல்வதால் செய்கிறோம், அதற்கு விலையாக எதையும் கேட்கமாட்டோம்.

வேதாகமத்தில் எலியா தீர்க்கதரிசிக்கு அப்பம் சுட்டுக் கொடுத்த சாறிபாத் விதவையின் பானையில் இருந்தது ஒரு பிடி மாவுதான். நம் பாட்டிமார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி தனியே எடுத்துவைத்துத்தான் சபைகளைத் தாங்கினார்கள். பட்டினி தெரிந்த வீடுகளிலிருந்து வந்த அரிசி அது. அந்தப் பிடியரிசியை இந்த வீட்டுக்காக மீண்டும் தொடங்குகிறோம். மாதம் 500 ரூபாயானாலும், கட்டில், மெத்தை, ஓடு, மரம் என்று பொருளானாலும், ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுக்கும் தச்சர் ஆனாலும் நன்றியோடு ஏற்போம்.

வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகள் இந்தியக் குடியுரிமை உள்ளவர்களானால் தங்கள் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் அனுப்ப வேண்டாம்; அதற்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி தேவைப்படும் பதிவு எங்களிடம் இல்லை.

ஒவ்வொரு தொகைக்கும் ரசீது தரப்படும். மாதக் கணக்கு ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் வீட்டைப் பார்க்க எல்லாரும் வரலாம். பிடியரிசிப் பாத்திரங்களையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பணிக்குழு