கொயரில் சேர்ந்துவிடு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. ஸ்தோத்திரம். கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இருவரும் நலம். மழைக்கு அம்மாவின் முட்டுவலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை. நம் கோவில் கொயரின் கிறிஸ்மஸ் கச்சேரியைப் பற்றி அன்றைக்கு நீ போனில் கேட்டபோது பக்கத்தில் ஆட்கள் நின்றதால் ‘கச்சேரி நல்லா நடந்தது’ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அவ்வளவில் விடுகிற விஷயம் இல்லை அது, உன்னிடம் கேட்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த வருஷம் கொயர் மாஸ்டர் முதல் ஒத்திகையிலேயே சொல்லிவிட்டார், பதிவு செய்த ட்ராக் கிடையாது, கீபோர்டில் ஸ்டைல் தட்டிவிடுவதும் கிடையாது, வாசிக்கிற ஆட்களை வரவழைத்துத்தான் பாடப்போகிறோம் என்று. கமிட்டியில் செலவைச் சொல்லிக் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். அப்புறம் விருந்தாளிகளை வீடுகளில் தங்கவைத்துக்கொள்கிறோம், சாப்பாடும் எங்கள் பொறுப்பு என்று கொயர் குடும்பங்கள் ஏற்றுக்கொண்டதும் சரி என்றார்கள். சென்னையிலிருந்து இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, நாலு பேரும் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினார்கள். ட்ரம்பெட்டுக்குப் போலீஸ் பேண்டில் வாசித்து ஓய்வுபெற்ற ஒருவரும் அவருடைய மருமகனும். கீர்த்தனைக்கென்று தனியாக டவுனிலிருந்து ஒரு வயலின் வித்வான், ஒரு மிருதங்க வித்வான். டிம்பனி என்கிற அந்தப் பெரிய முரசுதான் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. கீபோர்டில் அந்தச் சத்தத்தை வைத்து ஒரு பையன் வாசித்தான். பையன் சரியாகத்தான் வாசித்தான், ஆனால் தோலில் அடிக்கிற முழக்கம் ஸ்பீக்கரில் வராது, எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை.

முதல் ஒத்திகையில் நடந்ததைக் கேள். நம் ஆட்கள் எல்லாரும் ஸ்வரங்களை எழுத்தில் எழுதின சோல்ஃபா காப்பிதானே வைத்திருக்கிறோம், தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். வந்தவர்கள் ஐந்து கோட்டில் எழுதின ஸ்டாஃப் நோட்டேஷன் வாசிக்கிறவர்கள். வயலின் வாசித்த பையன் ‘51-ஆம் பாரிலிருந்து எடுக்கலாமா’ என்று கேட்கிறான், இங்கே நாற்பது பேரும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம், பாட்டைக் கோடு போட்டுப் பிரித்த கட்டம்தான் பார், நம் காப்பியில் அதற்கு எண்ணே கிடையாது. மாஸ்டர் ஒத்திகையை நிறுத்திவிட்டார். எல்லாருக்கும் பென்சில் கொடுத்து, ஹேண்டலின் ஹல்லேலூயா கோரஸின் 94 பாருக்கும் உட்கார்ந்து எண் போடச் சொன்னார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அந்தக் கோடுகளுக்கு மேலே எண் எழுதினேன். எழுதி முடித்தபோதுதான் அந்தப் பாட்டு எப்படிக் கட்டியிருக்கிறது என்று எனக்கே கண்ணில் பட்டது. இத்தனை வருஷம் பேஸில், கீழ்க்குரல் வரிசையில் நின்று பாடியிருக்கிறேன், என் வரியை மட்டுமே பாடியிருக்கிறேன். எந்த இடத்தில் ட்ரம்பெட் வருகிறது, எங்கே வயலின் நம்மை விட்டுவிட்டுத் தனியாகப் போகிறது என்றெல்லாம் எண்ணோடு பார்த்தபோது, நாம் பாடாமல் நிற்கிற இடமும் பாட்டுக்குள்தான் இருக்கிறது என்று புரிந்தது.

செல்லோ வாசிக்கிற பெண் நம் வீட்டில்தான் தங்கினாள், உன் அறையில். உன் வயதுதான் இருக்கும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு மெதுவாக, ஒரு ஒற்றை ஸ்வரத்தையே இழுத்து இழுத்து வாசித்துக்கொண்டிருப்பாள். அந்தச் சத்தம் சுவரிலும் கட்டிலிலும் இறங்கி நான் படுத்திருக்கிற இடம்வரை வரும். அம்மா சொதி வைத்தாள், அந்தப் பெண் இஞ்சித் துவையலோடு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். மறுநாள் கோவிலில் ஒரு சிக்கல். செல்லோவுக்கு அடியில் ஒரு நீளக் கம்பி இருக்குமே, அதைத் தரையில் ஊன்றித்தானே வாசிக்க வேண்டும், நம் ஆல்டர் பக்கத்துத் தரையோ பளபளப்புக் கல், ஊன்றினால் வழுக்கிக்கொண்டு போகிறது. சாக்கு போட்டுப் பார்த்தோம், சாக்கும் சேர்ந்து நகர்கிறது. கடைசியில் அவளே என்னிடம் ஒரு பழைய பெல்ட் கேட்டாள். ஒரு முனையை நாற்காலியின் முன்காலில் மாட்டி, மறுமுனையிலிருக்கிற பக்கிளுக்குள் கம்பியின் கூர்முனையை வைத்து உட்கார்ந்தாள், அப்புறம் அசையவில்லை. உன் ஸ்கூல் பெல்ட்தான் அது, பீரோவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

கீர்த்தனைக்கு வருகிறேன். ஆனந்தபைரவியில் ஒரு பழைய பாட்டு. டவுன் வித்வான் பாய் விரித்துக் கீழே உட்கார்ந்தார், வயலினைக் கால்மேல் சாய்த்துக்கொண்டார். சென்னைப் பிள்ளைகள் நாற்காலியில் தோளில் வைத்து. அதே வாத்தியம், இரண்டு உலகம். நம் பக்கத்து எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்த பாலுஸ்வாமி தீட்சிதர்தான் வெள்ளைக்காரர்களிடமிருந்து வயலினைக் கற்றுக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். இருநூறு வருஷம் கழித்து அந்த இரண்டு கிளையும் நம் கோவிலில் ஒரே மேடையில் உட்கார்ந்திருந்தன. ஒத்திகையில் அவர் காந்தாரத்தை வளைத்து வாசிக்க, நாங்கள் கீபோர்டில் பழகின குரலில் நேராக நின்றோம், ஒட்டவே இல்லை. மாஸ்டர் யோசித்துவிட்டு, ‘நாலு பார்ட் வேண்டாம், எல்லாரும் மெட்டை மட்டும் பாடுங்கள், அவரைக் கேட்டுக்கொண்டே பாடுங்கள்’ என்றார். இதை நான் எவ்வளவு நாளாகச் சொல்லி வருகிறேன் என்று உனக்கே தெரியும். கீர்த்தனையைப் பிடித்து நாலு பார்ட்டாக வெட்டினால் அதில் ராகம் நிற்காது. வேதநாயக சாஸ்திரியார் 1774-ல் நம் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, தஞ்சாவூர் சபையில் பாடிப் பாடி வளர்த்த வழி அது. அன்றைக்கு பேஸ், டெனர், சொப்ரானோ என்ற வித்தியாசம் இல்லாமல் கோவில் முழுக்க ஒரே மெட்டு. சரணத்தில் மிருதங்கக்காரர் நடையை மாற்றியதும் பின்வரிசையில் இருந்த கிழவிகள் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

கச்சேரி அன்று சாயங்காலம் மழை. கூட்டம் வருமோ வராதோ என்று பயந்தோம், ஆறு மணிக்கெல்லாம் உள்ளே இடமில்லை, போர்டிகோவில் குடையோடு நின்று கேட்டார்கள். ஈரத்தில் தந்திகள் நிலை மாறிக்கொண்டே இருந்ததால் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் சுருதி சேர்க்க வேண்டியிருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை, பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார்கள். ‘சைலன்ட் நைட்’டின் தமிழான ‘ஒப்பில்லா திரு இரா’வை முதல் சரணம் செல்லோவோடு மட்டும் பாடினோம். 1818-ல் ஆஸ்திரியாவில் ஒரு சின்ன ஊர்க் கோவிலில் முதன்முதலாகப் பாடியபோது துணைக்கு ஒரு கிட்டார்தான் இருந்ததாம், அந்தப் பாட்டுக்கு அவ்வளவு போதும்.

கடைசியில் ஹல்லேலூயா. ஹேண்டல் அதைக் கிறிஸ்மஸுக்கென்று எழுதவில்லை, 1742 ஏப்ரலில் டப்ளினில்தான் முதலில் பாடினார்கள். அங்கேயும் இரண்டு கதீட்ரல்களின் கொயர் ஆட்களைச் சேர்த்துத்தான் நடத்தியிருக்கிறார்கள். கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்களை மீட்கவும் அந்தக் கச்சேரியில் வசூலான பணம் போனது, 142 பேர் வெளியே வந்தார்கள் என்று படித்திருக்கிறேன். நாங்களும் அன்றைய காணிக்கையை வைத்தியச் செலவுக்குத் தவிக்கிற குடும்பங்களுக்கு என்று ஒதுக்கினோம். எல்லாரும் எழுந்து நின்றார்கள். சொப்ரானோ ஒவ்வொரு படியாக மேலே ஏறுகிற இடத்தில் ட்ரம்பெட் இரண்டும் சேர்ந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, ஒரு வரி பாடவில்லை. முடிவுக்கு முன்னால் எல்லாம் சட்டென்று நிற்கிற இடம் இருக்கிறதே, வேகமாக ஹல்லேலூயா ஹல்லேலூயா என்று ஓடி வந்து, ஒரு வெறுமை, அப்புறம் மெதுவாகக் கடைசி ஹல்லேலூயா. வருஷாவருஷம் அந்த வெறுமைக்குள் யாராவது ஒருவர் பாடிவிடுவார், அடுத்த கிறிஸ்மஸ்வரை அதைச் சொல்லியே அவரை வாட்டுவார்கள். இந்தத் தடவை பேஸ் வரிசையில் நாங்கள் மாஸ்டரின் கையைப் பார்க்கவில்லை, செல்லோக்காரியின் வில்லைப் பார்த்தோம். அவள் வில்லைத் தந்தியிலிருந்து எடுத்து மேலே பிடித்தபடி நிறுத்தினாள். நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம், வெளியே ஓட்டில் மழை விழுகிறது கேட்டது. வில் இறங்கியது, எல்லாரும் சேர்ந்து இறங்கினோம். ஒருவர்கூட முந்தவில்லை. ட்ராக்கோடு பாடினால் இது வாய்க்காது பாப்பா, அது நமக்காகக் காத்திருக்காது, நாமும் அதற்காக மூச்சை அடக்க மாட்டோம்.

இனி கேட்க வந்ததைக் கேட்கிறேன். உன்னோடு வேலை செய்கிற ஒரு அம்மாள் உன்னை அவர்கள் சபைக் கொயருக்குக் கூப்பிட்டதாகவும், பாஷை வராது என்று நீ தட்டிக்கழித்ததாகவும் அம்மா சொன்னாள். ஏன் தட்டினாய்? ஏழு வயதில் சண்டே ஸ்கூல் மேடையில் தனியாக நின்று பாடின பிள்ளை நீ. நீ இருப்பது ஜெர்மனியில், அதுவும் லைப்சிக், பாப்பா. தாமஸ் கோவிலில் 1723-லிருந்து சாகிறவரை இசைமேதை பாக் கொயர் நடத்திய ஊர். வேதாகமக் கதையைப் பாட்டாகச் சொல்கிற அவருடைய கிறிஸ்மஸ் ஓரட்டோரியோவை முதன்முதலாக 1734 கிறிஸ்மஸ் தொடங்கிப் பாடியது அந்த ஊரின் கோவில்களில்தான். ஆரம்பத்தில் டிம்பனி மட்டும் தனியாக ஐந்து தட்டு தட்டும், கொஞ்சம் கழித்துக் கொயர் வந்து அந்த டிம்பனியின் மெட்டையே கீழ்க்குரலில் பாடும். குரல் எதற்கு முரசு மாதிரி வருகிறது என்றால், ஒரு வருஷம் முன்னால் ராணியின் பிறந்தநாளுக்கு அதே இசையை ‘முரசுகளே முழங்குங்கள்’ என்கிற வார்த்தைகளுக்குத்தான் போட்டிருந்தார். இங்கே நாங்கள் ஒரு டிம்பனிக்கு ஊரெல்லாம் அலைந்தோம், நீ அது முழங்குகிற இடத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு அறைக்குள் உட்கார்ந்திருக்கிறாய்.

பாஷை பயம் வேண்டாம். அதே ஓரட்டோரியோவில் முதலில் வருகிற ஞானப்பாட்டின் மெட்டு எது தெரியுமா, பெரிய வெள்ளிக்கிழமை நாம் பாடுகிற ‘இரத்தம் காயம் குத்தும்’ மெட்டு! பிறப்பின் பாட்டில் பாடுகளின் மெட்டை வைத்திருக்கிறார். அதை உனக்குப் பாட்டி மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். உனக்குப் பக்கத்து ஊர் ஹாலேயில் படித்த மிஷனெரி சீகன்பால்குதான் 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அந்த வழியாகத்தான் ஜெர்மன் ஞானப்பாட்டுகள் தமிழுக்கு வந்தன, பின்னால் பப்ரிசியு ஐயர் எத்தனையோ பாட்டுகளை மொழிபெயர்த்தார். ஹேண்டல் 1685-ல் பிறந்ததும் அதே ஹாலேதான். நீ அங்கே போய்ப் புதிதாக எதையும் ஆரம்பிக்கப் போவதில்லை, மெட்டு பாதி உனக்கு ஏற்கெனவே மனப்பாடம், வார்த்தையை ஒவ்வொரு வாரமும் பக்கத்தில் நிற்கிற ஆல்டோவைக் கேட்டுப் பழகிக்கொள்ளலாம். நீ தனியாக இருக்கிறாய் என்று அம்மா ராத்திரி தூங்காமல் கிடக்கிறாள், நானும்தான். வாரத்தில் ஒரு சாயங்காலம் நாற்பது பேரோடு சேர்ந்து மூச்சு விட உனக்கு ஓர் இடம் வேண்டும் என்று நினைக்கிறேன். வேலை அதிகம் என்று சொல்லாதே, இங்கே பேஸ் வரிசையில் இருக்கிற தபால்காரரும் டாக்டரும் வேலை முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

கிறிஸ்மஸுக்கு இப்போது போய்ச் சேர முடியாது, சரி. ஜனவரியில் புது ஒத்திகை ஆரம்பிக்கும், ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்துக்குப் பாடுகளின் இசை ஏதாவது எடுப்பார்கள். மத்தேயு சுவிசேஷத்துக்கு பாக் எழுதியதை எடுத்தால் உனக்கு யோகம், அதில் அந்த ‘இரத்தம் காயம்’ மெட்டு திரும்பத் திரும்ப வரும். அந்த அம்மாவிடம் ஒத்திகை என்ன கிழமை, எத்தனை மணி என்று கேட்டு எனக்குச் சொல். என்ன பாட்டு என்று தெரிந்ததும் மாஸ்டரிடம் சொல்லி ஆல்டோ வரியைச் சோல்ஃபாவில் எழுதி வாங்கி போட்டோ எடுத்து அனுப்புகிறேன், அவரும் சரி என்று சொல்லியிருக்கிறார்.

கச்சேரி ரெக்கார்டிங்கைத் தம்பி உனக்கு அனுப்புவான், ஹெட்போன் போட்டுக் கேள், போன் ஸ்பீக்கரில் செல்லோ கேட்காது. முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் பார்சலில் போட்டாயிற்று. இரண்டு டப்பா வைத்திருக்கிறாள் அம்மா, ஒன்று உனக்கு, மற்றது அந்த அம்மாவுக்குக் கொடுக்க.

அன்புடன்,
அப்பா